பின்னாடி வரும் பெட்டி: மோட்டார் சைக்கிள் ட்ரெய்லரின் கதை

எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்

இன்னைக்குக் கதை 1934 டிசம்பர் 11-ஆம் தேதி லண்டன்ல இருந்து கிளம்புது. ரெண்டு பெண்கள். ஒருத்தங்க தெரசா வாலக், இன்னொருத்தங்க ஃப்ளாரன்ஸ் பிளெங்கிரன். வண்டி 600 சிசி பேந்தர் மோட்டார் சைக்கிள், ஒரே சிலிண்டர். பக்கத்துல சைட்கார். அதுக்கும் பின்னாடி ஒரு ட்ரெய்லர். போற இடம் கேப் டவுன். நடுவுல சகாரா. கையில காம்பஸ்கூட இல்லை.

இந்தப் பயணத்தைப் பத்திப் பேசறவங்க எல்லாரும் சகாராவுக்கு ஓடிடுவாங்க. நானும் அங்க வர்றேன், கொஞ்சம் பொறுங்க. எனக்கு முதல்ல அந்த ட்ரெய்லர் மேலதான் கண்ணு. ஏன்னா மோட்டார் சைக்கிளுக்குப் பின்னாடி ஒரு பெட்டியைக் கட்டி இழுக்கறதுங்கறது அப்பவே கிட்டத்தட்ட ஒருமுறை செத்துப்போன பழக்கம். இவங்க அதை ஏன் திரும்ப எடுத்தாங்க? அதுக்கு முன்னாடி அது ஏன் செத்துச்சு? இதுக்கு 1890-களுக்குப் போகணும்.

அந்தக் காலத்துல ஐரோப்பாவுல அதிகமா வித்த மோட்டார் வண்டி கார் இல்லை, மூணு சக்கர வண்டி. பிரான்ஸ்ல டி டியோன் பூத்தோன்னு ஒரு கம்பெனி. அவங்களோட ட்ரைசைக்கிள்ல பின்சக்கரம் ரெண்டுக்கும் பக்கத்துல சின்னதா ஒரு என்ஜின் இருக்கும். பெடலும் இருக்கும், மேட்டுல என்ஜின் திணறினா மிதிக்கணும். ஒரு ரெண்டு குதிரைத்திறன் இருந்தாலே பெரிய விஷயம். இந்த வண்டியில ஒரு ஆள்தான் உட்கார முடியும். மனைவியைக் கூட்டிட்டுப் போகணும்னா என்ன பண்றது?

பின்னாடி ஒரு கம்பியை மாட்டி, ரெண்டு சக்கரம் வெச்ச பிரம்பு நாற்காலியை இழுத்துட்டுப் போனாங்க. நிஜமாவே பிரம்பு நாற்காலி. நம்ம வீட்டுத் திண்ணையில தாத்தா உட்கார்ற மாதிரி ஒண்ணுல, தொப்பி போட்ட ஒரு பெண்மணி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாங்க. முன்னாடி கணவர் வண்டியை ஓட்டிட்டுப் போவார். பார்க்க ரொம்ப நாகரிகமா இருக்கும். உட்கார்ந்து பார்த்தவங்களுக்குத்தான் அது என்னன்னு தெரியும்.

முதல்ல புழுதி. அப்ப ரோட்டுல தார் கிடையாது. முன்னாடி போற வண்டி கிளப்புற மண்ணு மொத்தமும் பின்னாடி இருக்கறவங்க மூஞ்சியிலதான். அடுத்தது புகை. அந்தக் கால என்ஜின்ல ஆயில் சுத்தி வராது. உள்ளே போகும், எரியும், வெளியே போயிடும். அந்த நாத்தமும் பின் நாற்காலிக்கே. பேச்சுவார்த்தைக்கு வழியே இல்லை. முன்னாடி இருக்கறவர் திரும்பினா ரோட்டை விடணும், திரும்பலைன்னா பின்னாடி என்ன நடக்குதுன்னு தெரியாது. கொக்கி கழன்று நாற்காலி நடுரோட்டுல நின்னாலும், வண்டி திடீர்னு லேசா ஓடுதேன்னு சந்தோஷப்பட்டுட்டே அவர் போயிட்டிருக்கலாம். ஓட்டுறவருக்கும் பயணிக்கும் நடுவுல தகவல் போக வழியே இல்லாத ஒரு அமைப்பு. என் வேலை பாஷையில சொன்னா, பின்னாடி சர்வர் விழுந்துட்டாலும் முன்னாடி ஸ்கிரீன்ல பச்சை விளக்குதான் எரிஞ்சுட்டிருக்கும்.

இங்கிலாந்துல இதுக்கு ஒரு சட்டமும் இருந்தது. 1896-ல வந்த சட்டம்தான் அங்க மோட்டார் வண்டிகளை ரோட்டுல ஓரளவு சுதந்திரமா ஓட விட்டது. வேகம் மணிக்கு 14 மைலுக்கு மேல போகக் கூடாதுன்னு அதுல இருந்தது. கூடவே இன்னொரு வரி: ஒரு வண்டி தனக்குப் பின்னாடி ஒரே ஒரு வண்டியைத்தான் இழுக்கலாம். இந்த "ஒரே ஒரு" விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

பிரம்பு நாற்காலிக்கு மாற்று தேடினவங்க முதல்ல போனது நேர் எதிர்ப்பக்கம். பயணியைத் தூக்கி முன்னாடி வெச்சாங்க. மோட்டார் சைக்கிளோட முன்சக்கரத்தைக் கழட்டிட்டு, ரெண்டு சக்கரமும் நடுவுல ஒரு சீட்டும். ஃபோர்கார்னு பேர். நம்ம சென்னை மீன்பாடி வண்டியைப் பார்த்திருப்பீங்க, முன்னாடி பாரம், பின்னாடி ஓட்டுறவர். கிட்டத்தட்ட அதே அமைப்புதான். இப்பப் புழுதி இல்லை, பேசலாம், காத்தும் வரும். ஆனா எது மேலயாவது மோதினா முதல்ல மோதறது மாமியாரோ மனைவியோ. அதுவும் ரொம்ப நாள் நிக்கலை.

நடுவுல இருந்த வழியைக் கடைசியாத்தான் கண்டுபிடிச்சாங்க: பக்கத்துல. சைக்கிளுக்குப் பக்கத்துல சீட்டு மாட்டற யோசனை பிரான்ஸ்ல 1893-லயே வந்துடுச்சு. சைக்கிள்ல ஆளை ஏத்திட்டுப் போக நல்ல வழி சொல்றவங்களுக்குப் பரிசுன்னு ஒரு பத்திரிகை அறிவிச்சது. பெர்த்தூங்கற ராணுவ அதிகாரி இந்த அமைப்புக்காக அந்தப் பரிசை வாங்கினார். மோட்டார் சைக்கிள் பக்கம் பார்த்தா, 1903 ஜனவரி 7-ஆம் தேதி 'மோட்டார் சைக்கிளிங்' பத்திரிகையில ஜார்ஜ் மூர் ஒரு கார்ட்டூன் போடறார். அதுல சைட்கார் இருக்கு. மூணு வாரம் கழிச்சு கிரஹாம்ங்கறவருக்கு சைட்காருக்கான தற்காலிக காப்புரிமை கிடைக்குது. கார்ட்டூனைப் பார்த்துத்தான் அவர் போய் விண்ணப்பிச்சாரான்னு யாருக்கும் சந்தேகம் வரும். எனக்கு அந்த இடைவெளியே போதும், சிரிப்பு வருது.

சைட்கார் வந்ததும் பிரம்பு நாற்காலி காணாமப் போச்சு. பக்கத்துல இருக்கற ஆளைப் பார்க்கலாம், பேசலாம், விழுந்தா தெரியும். அப்புறம் சைட்காரோட முறை வந்தது. 1922-ல ஆஸ்டின் செவன் மாதிரி மலிவான கார் வந்ததும் குடும்பங்கள் ஒவ்வொண்ணா கூரைக்குக் கீழ போக ஆரம்பிச்சது. 1959-ல மினி வந்தப்ப மிச்சம் இருந்தவங்களும் போனாங்க.

சரி, இப்ப வாலக்கும் பிளெங்கிரனும்.

இவங்க ரெண்டு பேரும் சாகசம் பண்ணலாம்னு திடீர்னு கிளம்பின ஆளுங்க இல்லை. பிளெங்கிரன் 1934 ஏப்ரல்ல புரூக்லாண்ட்ஸ் ரேஸ் டிராக்குல மணிக்கு 100 மைலுக்கு மேல மோட்டார் சைக்கிள் ஓட்டி, அங்க கோல்ட் ஸ்டார் வாங்கின முதல் பெண். வாலக் இன்ஜினியரிங் படிச்சவங்க. லண்டன்ல நார்தாம்ப்டன் பாலிடெக்னிக்ல ஸ்காலர்ஷிப்போட சேர்ந்தாங்க. 1920-களோட கடைசியில ஒரு பெண் அந்த வகுப்புல போய் உட்கார்றது எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. நம்ம காலேஜ் மெக்கானிக்கல் கிளாஸ்லயே இன்னைக்கும் எத்தனை பெண்கள்னு எண்ணிப் பார்த்தா தெரியும்.

அவங்க வண்டியைப் பத்தி ஒரு வார்த்தை. யார்க்ஷயர்ல ஃபெலன் அண்ட் மூர் கம்பெனி செஞ்சது இந்தப் பேந்தர். இதுல ஒரு விசேஷம் உண்டு. சாதாரண பைக்குல ஃபிரேமோட முன்குழாய் கீழே இறங்கி என்ஜினைத் தாங்கும். பேந்தர்ல அந்தக் குழாயே கிடையாது. அந்த இடத்துல சிலிண்டர் சாய்ஞ்சு உட்கார்ந்து, என்ஜினே ஃபிரேமோட ஒரு எலும்பா வேலை செய்யும். இங்கிலாந்துல சைட்கார் இழுக்கறதுக்குன்னே பேர் வாங்கின வண்டி அது. வேகம் கம்மி, ஆனா கீழ்வேகத்துல இழுவை நல்லா இருக்கும். இவங்க தங்களோட வண்டிக்கு வெச்ச பேரு 'தி வென்ச்சர்'.

இப்ப அந்த ட்ரெய்லர் ஏன்? சைட்கார் ரெண்டாவது ஆளுக்கு. அப்ப தண்ணி, பெட்ரோல், டயர், ஸ்பேர், டென்ட், துணி எல்லாம் எங்க போகும்? 1934-ல ஆப்பிரிக்காவுல வழி நெடுக பங்க் இருக்காது. எல்லாத்தையும் கூடவே கொண்டு போகணும். ட்ரெய்லருக்கு ரெண்டாவது வாழ்க்கை கிடைச்சது இப்படித்தான்னு நான் நினைக்கிறேன். முதல் தடவை அதுல மனுஷங்களை உட்கார வெச்சாங்க, தோத்துச்சு. புழுதியும் புகையும் பெட்ரோல் டின்னுக்குப் பிரச்சனையே இல்லை. பெட்ரோல் டின் கணவன்கிட்ட பேசணும்னு கேட்காது.

ஆனா பிரச்சனை இடம் மாறிடுச்சு. சகாராவோட மென்மணல்ல யோசிச்சுப் பாருங்க. மோட்டார் சைக்கிளோட முன்சக்கரம், பின்சக்கரம், சைட்கார் சக்கரம், அதுக்குப் பின்னாடி ட்ரெய்லர் சக்கரம். இத்தனையில என்ஜின் சுத்தறது ஒண்ணே ஒண்ணு, பைக்கோட பின்சக்கரம். மத்ததெல்லாம் சும்மா மணலை உழுதுட்டு வர்ற சக்கரங்கள். எடையைக் கூட்டக் கூட, அந்த ஒத்தைச் சக்கரம்தான் மொத்தத்துக்கும் பொறுப்பு. புதைஞ்சா இறங்கித் தோண்டணும், பாரத்தை இறக்கணும், தள்ளணும், திரும்ப ஏத்தணும். இதை ரெண்டே பேர் பண்ணாங்க. பின்னாடி உதவி வண்டி எதுவும் வரலை.

அல்ஜியர்ஸ்ல இறங்கி, தமன்ராசெத் வழியா தெற்கே போனாங்க. அகடேஸை நெருங்கறப்ப என்ஜின் கைவிட்டுடுச்சு. அதைச் சரி பண்ணி, அங்கிருந்து கானோ, அப்புறம் ஆப்பிரிக்காவோட நடுப்பகுதி, கிழக்கு, தெற்கு. 1935 ஜூலை 29-ஆம் தேதி கேப் டவுன். ஏழரை மாசம். சைட்காரும் ட்ரெய்லரும் கட்டின மோட்டார் சைக்கிள்ல ஆப்பிரிக்காவை வடக்குல இருந்து தெற்கு வரைக்கும் தாண்டியாச்சு. வாலக் எழுதின பயணப் புத்தகம் 'தி ரக்கட் ரோடு' வெளிவந்தது 2001-ல, அவங்க இறந்ததுக்கு அப்புறம். கிட்டத்தட்ட 66 வருஷம் அந்தக் கதை ஒரு கட்டுக் காகிதமா இருந்திருக்கு. சகாராவைத் தாண்டினவங்களுக்குப் பதிப்பாளரைத் தாண்ட அவ்வளவு நாள் ஆயிருக்கு. எனக்கு இதுதான் இந்தக் கதையில கோபம் வர்ற இடம்.

வாலக்கோட மிச்ச வாழ்க்கையும் சும்மா இல்லை. 1939-ல அவங்களும் புரூக்லாண்ட்ஸ்ல கோல்ட் ஸ்டார் வாங்கினாங்க. போர் வந்தப்ப பிரிட்டிஷ் ராணுவத்துல மோட்டார் சைக்கிள்ல செய்தி கொண்டு போற வேலை. போருக்கு அப்புறம் அமெரிக்கா. சிகாகோவுல மோட்டார் சைக்கிள் கடை வெச்சாங்க. 1973-ல அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ்ல பைக் ஓட்டச் சொல்லித்தர்ற பள்ளி ஆரம்பிச்சாங்க. 1999-ல இறக்கறப்ப வயசு 90.

ஃபீனிக்ஸ்னு ஊர்ப் பேரைக் கவனிச்சீங்களா? கதையோட அடுத்த பாதியும் தற்செயலா அதே ஊர்லதான்.

அங்க போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன நிறுத்தம். வாலக்கோட வண்டி சைட்கார் வெச்சது, அதனால வளைவுல சாயாது. கார் மாதிரி நிமிர்ந்தே திரும்பும். ட்ரெய்லரும் நிமிர்ந்தே வரும், பிரச்சனை இல்லை. சைட்கார் இல்லாத தனி பைக் சாயும். பைக் சாயறப்ப பின்னாடி ரெண்டு சக்கர ட்ரெய்லர் தரையில சப்பையா நிக்கும். நடுவுல இருக்கற கொக்கி என்ன பண்ணும்? முறுக்கிக்கும். ஒண்ணு கொக்கி உடையணும், இல்லை ட்ரெய்லரோட ஒரு சக்கரம் தரையை விட்டுத் தூக்கணும், இல்லை பைக்கைச் சாய விடாம அது நிமிர்த்தணும். மூணுமே ஆபத்து.

இதுக்கு ரெண்டு தீர்வு உண்டு. ஒண்ணு, ட்ரெய்லருக்கு ஒரே சக்கரம் வெச்சு பைக்கோட சேர்ந்தே சாய விடறது. 1960-கள்ல செக்கோஸ்லோவாக்கியாவுல பாவ் 40-னு ஒத்தைச் சக்கர ட்ரெய்லர் வந்தது, ஜாவா பைக்குக்குப் பின்னாடி மாட்டறதுக்காக. ஆமா, அதே ஜாவாதான், நம்ம பக்கம் மைசூர்ல செஞ்சாங்களே, அப்புறம் யெஸ்டி ஆச்சே, அது. முட்டை மாதிரி வழவழன்னு ஒரு பெட்டி, கீழ ஒரு சக்கரம். இன்னொரு தீர்வு, ரெண்டு சக்கரமே இருக்கட்டும், கொக்கியை மட்டும் தன்னைத்தானே சுத்திக்கற மாதிரி செய்யறது. பைக் எவ்வளவு சாய்ஞ்சாலும் ட்ரெய்லருக்கு அது தெரியவே தெரியாது. பைக் படுத்தே விழுந்தாலும் ட்ரெய்லர் நிமிர்ந்து நிக்கும். அமெரிக்காவுல பரவினது இது.

1974-ல கொலோன் கண்காட்சியில ஹோண்டா ஒரு பைக்கைக் காட்டினாங்க. அடுத்த வருஷம் கடைக்கு வந்தது. கோல்ட் விங் ஜிஎல் 1000. நாலு சிலிண்டர், தண்ணியில குளிர்ற என்ஜின், செயினுக்குப் பதிலா ஷாஃப்ட். தூரப் பயணத்துக்குன்னே பிறந்த மாதிரி ஒரு வண்டி. ஆனா பெட்டி கிடையாது, காத்துக்கு மறைப்பும் கிடையாது. மொட்டையா வித்தாங்க. அமெரிக்காக்காரங்க விடுவாங்களா? வெளியில கிரெய்க் வெட்டர் மாதிரி ஆளுங்க செஞ்ச ஃபேரிங்கை வாங்கி மாட்டினாங்க, பெட்டி மாட்டினாங்க. ஹோண்டா இதைப் பார்த்துட்டு, 1980-ல ஃபேரிங், பெட்டி எல்லாம் ஃபேக்டரியிலயே போட்டு இன்டர்ஸ்டேட்னு ஒரு மாடல் கொண்டு வந்தாங்க. 1988-ல ஆறு சிலிண்டர், ரிவர்ஸ் எல்லாம் வந்துடுச்சு. பைக்குக்கு ரிவர்ஸ்! இன்னைக்குப் பழைய ஜிஎல் 1800 ஒண்ணை எடுத்தா ஏறக்குறைய 400 கிலோ.

இதுல ஒரு பாட்டர்ன் இருக்கு, கவனிங்க. ஓட்டுறவங்க ஏதோ ஒண்ணைத் தாங்களா மாட்டுவாங்க. கம்பெனி கொஞ்ச நாள் வேடிக்கை பார்க்கும். அப்புறம் அதையே எடுத்து ஃபேக்டரியில போடும். ஓப்பன் சோர்ஸ்ல நல்ல பிளகின் ஒண்ணைப் பெரிய கம்பெனி தன் புராடக்ட்டுக்குள்ள இழுத்துக்கற மாதிரி. ஃபேரிங்குக்கு இது நடந்தது. சைடு பெட்டிக்கு நடந்தது.

ட்ரெய்லருக்கு நடக்கலை.

கோல்ட் விங்கோட ஓனர்ஸ் மேனுவலைத் திறந்தா, இந்த வண்டி ட்ரெய்லர் இழுக்கறதுக்கோ சைட்கார் மாட்டறதுக்கோ வடிவமைக்கப்படலை, செய்யாதீங்கன்னு எச்சரிக்கை இருக்கும். ஹார்லி டேவிட்சன் மேனுவலும் ட்ரெய்லர் இழுக்காதீங்கன்னுதான் சொல்லும். ஆனா அமெரிக்க நெடுஞ்சாலைகள்ல ஒரு கோல்ட் விங், அதே கலர்ல பெயின்ட் அடிச்ச ஒரு குட்டி ட்ரெய்லர், உள்ளே டென்ட், நாய்க்குட்டி, கூலர் பாக்ஸ். ரிட்டையர் ஆன தம்பதி ரெண்டு பேர். இது சாதாரணக் காட்சி. கொக்கி செய்ய தனிக் கடைகள், ட்ரெய்லர் செய்ய தனிக் கம்பெனிகள். ட்ரெய்லரையே விரிச்சு டென்ட் ஆக்கற மாடல்கூட உண்டு. ஒரு முழுத் தொழிலே, மேனுவல் "வேண்டாம்"னு சொன்ன ஒரு வரிக்கு மேல நடக்குது.

இங்க ஹோண்டா பக்கம் நின்னும் யோசிக்கணும். அவங்களுக்கு அந்த ட்ரெய்லர் யார் செஞ்சது, எவ்வளவு எடை, டயர் எப்படி, பாரம் எப்படி ஏத்தியிருக்கு எதுவும் தெரியாது. டெஸ்ட் பண்ணாத ஒண்ணுக்கு "சப்போர்ட்டட்"னு நானும் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த வரி நியாயமான வரி. ஆனா அந்த வரி எழுதினதோட அவங்க வேலை முடிஞ்சுடுது. மக்கள் எப்படியும் இழுக்கப் போறாங்கன்னா, அவங்களுக்கு யார் சொல்லித் தர்றது?

ஃபீனிக்ஸ்ல 1977-ல கோல்ட் விங் ரோட் ரைடர்ஸ் அசோசியேஷன் ஆரம்பிச்சாங்க. பேர்ல இருக்கற மாதிரி ஓட்டுறவங்களோட சங்கம். சும்மா ஒண்ணா ரைடு போற கும்பல்னு நினைச்சிடாதீங்க. ஓட்டுநர் பயிற்சிக்கு அவங்ககிட்ட தனித் திட்டமே இருந்தது, அதுல ட்ரெய்லர் இழுக்கறதுக்குன்னு ஒரு பாடம். கோன் வெச்சு, வளைஞ்சு, பிரேக் அடிச்சுப் பழகற பாடம். கம்பெனி எழுத மறுத்த டாக்குமென்டேஷனை யூசர்ஸ் உட்கார்ந்து எழுதினாங்க.

அந்தப் பாடத்துல என்ன இருக்க வேண்டியிருக்கு? இங்கதான் விஷயம் கனமாகுது.

நம்ம ஊர் மாட்டு வண்டி ஓட்டுறவர்கிட்ட கேட்டா முதல் பாதியைச் சொல்லிடுவார். முன்பாரம், பின்பாரம். பாரம் பின்னாடி அதிகமா இருந்தா நுகத்தடி மேல தூக்கும், மாட்டோட கழுத்துல கயிறு இறுக்கும். அதனால மூட்டையை முன்னாடி நகர்த்தி, நுகத்தடி மாட்டு மேல லேசா அழுத்தற மாதிரி வெப்பாங்க. பைக் ட்ரெய்லர்லயும் அதேதான். ட்ரெய்லரோட மொத்த எடையில சுமார் 10 சதவீதம் கொக்கி மேல இறங்கணும்னு பொதுவா சொல்வாங்க. ரொம்ப அதிகமா போனா பைக்கோட பின்சக்கரம் அமுங்கி, ஹேண்டில் பார் லேசாகும். கம்மியாப் போனா, அதாவது பின்பாரம் ஆச்சுன்னா, கொக்கி பைக்கோட வாலை மேல தூக்கும். பின் டயரோட பிடிப்பு போகும்.

மாடு 3 கிலோமீட்டர் வேகத்துல போற வரைக்கும் பின்பாரம் ஒரு அசௌகரியம். 100 கிலோமீட்டர் வேகத்துல அது உயிர்ப் பிரச்சனை. பின்பாரம் ஏத்தின ட்ரெய்லர் ஒரு வேகத்துக்கு மேல வால் ஆட்ட ஆரம்பிக்கும். இடது, வலது, இடது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெருசு. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும், டேம்பிங் குறையக் குறைய அலைவு அடங்காது. வேகம் கூடக் கூட இங்க டேம்பிங் குறையுது. கை தானா பிரேக்குக்குப் போகும். பளிச்சுனு பிரேக் அடிச்சா ட்ரெய்லர் பின்னாடி இருந்து தள்ளி இன்னும் மோசமாகும். செய்ய வேண்டியது, ஹேண்டிலை நேரா பிடிச்சுட்டு, ஆக்சிலரேட்டரை மெதுவா விட்டு, வேகத்தைத் தானா இறங்க விடறது. உள்ளுணர்வுக்கு நேர் எதிரான வேலை. அதனாலதான் கோன் வெச்சுப் பழகணும். படிச்சா போதாது.

பிரேக்குக்கு ஒரு தோராயக் கணக்கு. பைக் 400 கிலோ, மேல ரெண்டு பேர் 150 கிலோ, மொத்தம் 550. பின்னாடி பிரேக் இல்லாத ட்ரெய்லர் 130 கிலோ. அதே பிரேக் விசைக்கு நிக்கற தூரம் கிட்டத்தட்ட 24 சதவீதம் கூடும். நேர் ரோட்டுல இது வெறும் தூரம்தான். வளைவுல சாய்ஞ்சிருக்கறப்ப பிரேக் அடிச்சா, அந்த 130 கிலோ பைக்கோட வாலை வளைவுக்கு வெளியே தள்ளப் பார்க்கும். பிரம்பு நாற்காலி காலத்துல "என்ஜின் இழுக்குமா"ங்கறதுதான் கேள்வி. என்ஜின் பெருசானதும் அந்தக் கேள்வி தீர்ந்தது. நிறுத்த முடியுமா, திருப்ப முடியுமாங்கறது பாக்கி நின்னுடுச்சு. இழுக்கற சக்தி கூடினதாலேயே அது இன்னும் மோசமாச்சுன்னுதான் நான் சொல்வேன். ரெண்டு குதிரைத்திறன் வண்டியால தப்பா ஏத்தின பாரத்தை ஆபத்தான வேகத்துக்குக் கொண்டு போகவே முடியாது.

இன்னும் ரெண்டு சின்ன விஷயம். பைக் ஓட்டுறவங்க எல்லாருக்கும் குழியைப் பார்த்தா ஒடிச்சு நழுவற பழக்கம் உண்டு. ரெண்டு சக்கர ட்ரெய்லர் மாட்டிட்டா ரோட்டுல மூணு தடம். நடுத்தடம் தப்பினாலும் பக்கத்துத் தடம் குழியில இறங்கும். அப்புறம் ட்ரெய்லரோட சக்கரம் சின்னது, அதே வேகத்துக்கு அது அதிக முறை சுத்தணும். பேரிங் சூடாகும். அதை யாரும் கீழ குனிஞ்சு தொட்டுப் பார்க்கறதில்லை.

இங்கிலாந்து இதை மொத்தத்தையும் சட்டமா எழுதி வெச்சிருக்கு. 1986-ல வந்த வாகன விதிகள்ல மோட்டார் சைக்கிள் ட்ரெய்லருக்குத் தனி விதி. பைக் 125 சிசிக்கு மேல இருக்கணும். ட்ரெய்லர் அகலம் 1 மீட்டருக்கு மேல கூடாது. பைக்கோட பின் ஆக்சில்ல இருந்து ட்ரெய்லரோட கடைசி வரைக்கும் 2.5 மீட்டர்தான். பாரத்தோட எடை 150 கிலோ, இல்லை பைக்கோட கெர்ப் எடையில மூணுல ரெண்டு பங்கு, எது கம்மியோ அது. பைக்கோட எடையை இடப்பக்கம் கண்ணுல படற மாதிரி எழுதியிருக்கணும். மோட்டார்வேயில 60 மைல், சாதாரண ரோட்டுல 50 மைல் வேகம். இழுக்கறது ஒரே ஒரு ட்ரெய்லர். 1896-ல இருந்து வர்ற அந்த "ஒரே ஒரு" இங்கயும் இருக்கு. அப்புறம், ட்ரெய்லர்ல ஆள் ஏத்தக் கூடாது. பிரம்பு நாற்காலிக்கு அதிகாரப்பூர்வமா தடை.

சும்மா ஒரு கணக்குக்கு, உங்க கிளாசிக் 350-ஐ அந்த விதியில போட்டுப் பார்க்கலாம். கெர்ப் எடை 195 கிலோ. மூணுல ரெண்டு பங்கு 130. ட்ரெய்லரோட சொந்த எடையே 50 கிலோன்னு வெச்சுக்கிட்டா, உள்ளே வைக்க 80 கிலோ. அதுல 10 சதவீதக் கணக்குப்படி 13 கிலோ கொக்கி மேல. ஒரு பாத்ரூம் வெயிங் மெஷினைக் கொக்கிக்குக் கீழ வெச்சா அளந்துடலாம், அமெரிக்காவுல பல பேர் அப்படித்தான் பண்றாங்க. இது பிரிட்டிஷ் கணக்கு, நம்ம ரோட்டுக்கு யாரும் இதை எடுத்துட்டுப் போயிடாதீங்க, ஆர்டிஓகிட்ட என் பேரைச் சொல்லாதீங்க.

ஃபீனிக்ஸ் சங்கம் 2022 ஜூலையோட மூடிட்டாங்க, 45 வருஷம் நடத்தினதுக்கு அப்புறம். அவங்க நடத்தின பாடமும் அதோட நின்னது. கோல்ட் விங் இன்னும் விக்குது. மேனுவல்ல அந்த வரி இருக்கற இடத்துலயே இருக்கு. கொக்கி விக்கற கடைகளும் இருக்கு.